யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதா? ஆயா, ஒரு கைப்பிடி, கொஞ்சம் கடல்

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தி எழுத்தில் தந்திருக்கிறோம்.)

பின்னாடி கேட்கிற இரைச்சல் மைக் கோளாறு இல்லை, கடல். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஈசிஆர்ல இருந்து உள்ளே இறங்குற ஒரு மண் ரோட்டுல காரை நிறுத்திட்டுப் பேசிட்டிருக்கேன். பக்கத்து சீட்டுல எங்க ஆயா, அதாவது அம்மாவோட அம்மா. வயசு 78. செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா ஒரு மணி நேரத்துல வந்துட்டோம். ஆனா இந்த ஒரு மணி நேரப் பயணத்துக்கு எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. இன்னைக்கு எபிசோட் அந்த எட்டு மாசத்தைப் பத்தித்தான்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு விடியற்காலை ஆயா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. தாத்தா போனதுக்கு அப்புறம் அந்த வீட்டுல தனியாத்தான் இருக்காங்க. ஃபோன் ரெண்டடி தூரத்துல, ஜன்னல் திட்டு மேல இருந்திருக்கு. பக்கத்து வீட்டு அக்காவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை. ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் அந்த ஈரத் தரையிலேயே கிடந்திருக்காங்க. பால் வாங்க வரலையேன்னு அந்த அக்காவே எட்டிப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது. இடுப்பு எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் ஆயா கத்தலை?"

"எதுக்கு கண்ணு காலங்காத்தால மத்தவங்களைத் தொந்தரவு பண்ணணும்? கர்த்தர் பாத்துப்பார்னு ஜெபம் பண்ணிட்டே கிடந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை இங்க அப்படியே சொல்ல முடியாது. மூணு மாசம் முன்னாடிதான் அந்த பாத்ரூம்ல ஒரு கைப்பிடி மாட்டலாம்னு ஆளையே கூட்டிட்டு வந்தேன். "அதெல்லாம் கிழவிங்களுக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

"அழகா வயசாகிறது"ன்னா என்ன?

ஆயாவோட சபையில அவங்களைப் பத்தி எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வாங்க. "எவ்வளவு அழகா வயசாகியிருக்காங்க பாருங்க, யாருக்கும் பாரமே இல்லை." பல வருஷம் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். பெண்கள் ஐக்கிய சங்கத்துல எந்த வேலைன்னாலும் முதல் ஆள். வீட்டுல தையல் மெஷினை மிதிச்சு ஜாக்கெட் தைச்சே மூணு பிள்ளைகளைப் படிக்க வெச்சவங்க. அழுது யாரும் பார்த்ததில்லை.

எனக்கு இப்போ இருக்கிற சந்தேகம் இதுதான். யாருக்கும் பாரமா இல்லாம இருக்கிறதைத்தான் நாம விசுவாசம்னு தப்பா புரிஞ்சுக்கிட்டோமோ? பாரமாகிடக் கூடாதுங்கிற அந்த வைராக்கியம்தான் ஆயாவை ரெண்டு மணி நேரம் தரையில கிடக்க வெச்சுது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டுல 100 பேர்ல கிட்டத்தட்ட 14 பேர் 60 வயசைத் தாண்டினவங்க. பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அதுவும் பெண்கள் ஆண்களைவிட அதிக வருஷம் வாழறாங்க, கணவரைவிட வயசுலயும் சின்னவங்களா இருக்காங்க. அதனால கடைசிக் காலத்துல தனியா நிக்கிறது பெரும்பாலும் ஆயாக்கள்தான். உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாங்க.

ஆயா படுத்திருந்த மாசங்கள்ல நான் கொஞ்சம் படிச்சேன். தமிழ் மண்ணுலயே வாழ்ந்து முதிர்ந்த ரெண்டு கிறிஸ்தவப் பெண்கள் என் கோபத்தைக் கொஞ்சம் மாத்தினாங்க.

முதல் ஆள்: கையில இருந்ததை விட்டுக்கொடுத்தவர்

செங்கல்பட்டுல இருந்து ஜிஎஸ்டி ரோட்டுல தெற்கே போனா திண்டிவனம். 1890-கள்ல அங்க ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் வீடு. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்க மகள் வந்திருக்காங்க. பேரு ஐடா ஸ்கடர். 1870-ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க. இந்த ஊர்ல தங்குற எண்ணமே அவங்களுக்கு இல்லை.

ஒரே ராத்திரியில மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டறாங்க. மூணு பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். ஐடா டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். ஆனா ஆண் டாக்டர் தொடக் கூடாதுன்னு மூணு பேருமே மறுத்துட்டாங்க. விடிஞ்சப்போ மூணு பெண்களும் உயிரோட இல்லை. அந்த ராத்திரிதான் ஐடாவை மருத்துவம் படிக்க வெச்சுது. 1900-ல டாக்டரா திரும்பி வந்தாங்க. 1918-ல வேலூர்ல பெண்களுக்காகவே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. இன்னைக்கு நாம சிஎம்சின்னு சொல்றோமே, அதோட வேர் அது.

இதுவரைக்கும் பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான். எனக்கு முக்கியமாப் பட்டது அவங்களோட 70 வயசை ஒட்டி நடந்தது. அரசாங்கம் விதிமுறையை மாத்திடுச்சு. பள்ளி அளவுல டாக்டர் படிப்பு இனி செல்லாது, எம்பிபிஎஸ் தரத்துக்கு உயர்த்தணும், இல்லைன்னா மூடணும். அதுக்கு ஏகப்பட்ட பணம் வேணும். 70 தாண்டின ஐடா 1941-ல அமெரிக்கா போய், உலகப் போர் நடுவுல, நாலு வருஷம் ஊர் ஊரா நிதி திரட்டினாங்க.

நிதியைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துது. கல்லூரி பிழைக்கணும்னா ஆண்களையும் சேர்க்கணும்னு ஒரு யோசனை வந்துது. யோசிச்சுப் பாருங்க. பெண்கள் சாகுறதைப் பார்த்து, பெண்களுக்காகவே கட்டின இடம். பல வருஷமா பணம் கொடுத்துத் தாங்கின தோழிகளே இதைக் கடுமையா எதிர்த்தாங்க. ஐடாவுக்கும் இது லேசா இருக்கலை. ஆனா கடைசியில ஒத்துக்கிட்டாங்க. 1947-ல ஆண் மாணவர்களும் சேர்ந்தாங்க. 1946-லயே ஐடா பொறுப்புல இருந்து விலகியாச்சு. கொஞ்ச காலத்துல டாக்டர் ஹில்டா லாசரஸ்ங்கிற இந்தியப் பெண் அந்த நிறுவனத்தோட தலைமைக்கு வந்தாங்க. ஐடா 1960-ல, 89 வயசுல, கொடைக்கானல்ல காலமானாங்க.

வயசானவங்க சுறுசுறுப்பா இருந்தா நாம கைதட்டுவோம். "இந்த வயசுலயும் பாருங்க"ன்னு ரீல்ஸ் போடுவோம். ஐடா கதையில எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியிறது, தன் கையால கட்டினது தன்னோட ஆசைப்படியே இருக்கணும்னு பிடிவாதம் பிடிக்காம விட்டதுதான்.

ரெண்டாவது ஆள்: கட்டில்ல இருபது வருஷம்

எல்லாராலயும் 70 வயசுல கப்பல் ஏற முடியாது. அதனாலதான் ரெண்டாவது ஆள் முக்கியம்.

ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துல 1867-ல பிறந்தவங்க. 1895-ல இந்தியா வந்தாங்க, அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர்ல, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த குழந்தைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் வளர்த்தாங்க. ஓடியாடி வேலை பார்த்தவங்க. நூத்துக்கணக்கான பிள்ளைகளுக்கு அவங்கதான் அம்மா.

1931 அக்டோபர்ல, களக்காட்டுல ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்துல, இருட்டுற நேரத்துல குழி இருக்கிறது தெரியாம விழுந்துட்டாங்க. கால் முறிஞ்சுது. அப்போ வயசு 63. சரியாகிடும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. சரியாகலை. 1951-ல இறக்குற வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறையில, படுக்கையில.

ஒரு வழுக்கல், அதுக்கு அப்புறம் இருபது வருஷம். ஆயா பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

அந்த அறையில இருந்து அவங்க பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினாங்க. பிள்ளைகளுக்குக் கடிதங்கள், சீட்டுகள். ஆனா இதை "படுக்கையிலயும் சாதிச்சார்"னு சுருக்கிட்டா தப்பு. அந்த இருபது வருஷமும் வலி இருந்துது. தூக்கிவிட, குளிப்பாட்ட, மருந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்துது. யாரை அவங்க தூக்கி வளர்த்தாங்களோ அந்தப் பிள்ளைகளே இப்போ அவங்களைப் பார்த்துக்கிட்டாங்க. கொடுத்தே பழகின கை, வாங்கவும் பழகிக்கிச்சு. தன் கல்லறைக்கு மேல கல் வைக்க வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. அதனால பிள்ளைங்க அங்க பறவைகள் தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வெச்சாங்க.

இதை ஆயாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அந்தம்மாவுக்கு பெட்பேன் வெச்சது யாரு?"ன்னு கேட்டாங்க. மத்தவங்க யாரும் கேட்காத கேள்வி. "அவங்க வளர்த்த பொண்ணுங்கதான் ஆயா." திரும்பவும் அமைதி. அன்னைக்கு சாயங்காலம்தான், வாயை இறுக்கிக்கிட்டுப் பல்லைக் கடிக்காம, என்னைத் துணி மாத்திவிட விட்டாங்க.

பைபிள்ல இருக்கிற ஆயாக்கள்

விசுவாசத்தோட பேர்லதானே ஆயா வாய் திறக்கலை? அதனால விசுவாசத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தேன்.

ஆதி சபையில எழுந்த முதல் நிர்வாகப் பிரச்சனை என்ன தெரியுமா? அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். தினசரி உணவுப் பங்கீட்டுல கிரேக்க மொழி பேசுற விதவைகள் கவனிக்கப்படலைன்னு முறுமுறுப்பு வந்துது. அதைச் சரிபண்ணத்தான் ஏழு பேரை நியமிச்சாங்க. புருஷனை இழந்த பெண்களோட சாப்பாட்டுத் தட்டுக்காக ஒரு நிர்வாக அமைப்பே உருவாச்சு. அந்தப் பெண்கள் தரப்புல யாரும் "பாரமா இருக்க வேண்டாம்"னு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இது நடந்திருக்காது. தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்துல, 60 வயசைத் தாண்டின விதவைகளுக்குச் சபையில பட்டியலே இருந்தது தெரியுது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதல்ல தங்கள் வீட்டுக் கடமையைச் செய்யணும்னும் அதே அதிகாரம் சொல்லுது. அந்த வார்த்தை எனக்கு.

நகோமியைப் பாருங்க. கணவரும் ரெண்டு மகன்களும் இறந்த பிறகு ஊர் திரும்புறவங்க, "என்னைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, கசப்புன்னு கூப்பிடுங்க"ங்கிற அர்த்தத்துல வெளிப்படையா அழறாங்க. பைபிள் அதைத் திருத்தலை, அடக்கலை. எருசலேம் ஆலயத்துல இருந்த அன்னாளுக்கு வயசு 84. குழந்தை இயேசுவை அடையாளம் கண்டுகிட்டு எல்லார்கிட்டயும் பேசினவங்க. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்த கிழவிகள் இல்லை.

ஆயா இதுக்கெல்லாம் சிரிச்சாங்க. "எனக்கே வேதபாடமா? உனக்கு அன்னாள் கதை சொல்லிக் கொடுத்தது யாருடி?" அவங்கதான்.

ஜெபத்தோட பத்திரமும் முக்கியம்

இப்போ கொஞ்சம் காய்ஞ்ச விஷயம், ஆனா தேவையானது. ஆயா விழுந்த மூணாவது வாரமே வீட்டுல பேச்சு ஆரம்பிச்சுது. "வீட்டை எழுதிக் கொடுத்துடும்மா, நாங்க பார்த்துக்கிறோம்." யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா ஆயா முகம் சுருங்கினதை நான் பார்த்தேன். அதனால விசாரிச்சேன்.

ஒண்ணு. கிறிஸ்தவங்களுக்கு வாரிசுரிமையைச் சொல்றது 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் உயில் எழுதாம இறந்து, பிள்ளைங்க இருந்தா, அவர் பேர்ல இருந்த சொத்துல மூணுல ஒரு பங்கு மனைவிக்கு. மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்குச் சமமா, மகன் மகள் வித்தியாசம் இல்லாம. "பிள்ளைங்க வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கேன்"னு ஆயா சொல்வாங்க. அது தப்பு. சட்டப்படி அவங்களுக்கு அங்க பங்கு இருக்கு.

ரெண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. பிள்ளைங்க பார்த்துக்கலைன்னா பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுல கோட்டாட்சியர்தான் அதை விசாரிப்பார். அதே சட்டத்தோட 23-ஆவது பிரிவு ரொம்ப முக்கியம். "என்னைப் பார்த்துக்கணும்"ங்கிற நிபந்தனையோட சொத்தை எழுதிக் கொடுத்து, அப்புறம் அவங்க பார்த்துக்கலைன்னா, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாம். அதனால நிபந்தனையை வாய்ப்பேச்சா விடாதீங்க, பத்திரத்துலயே தெளிவா எழுதுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க.

மூணு. 14567. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், இலவசம். பெரியவங்க ஃபோன்ல இப்பவே சேவ் பண்ணிக் கொடுங்க.

இதெல்லாம் விசுவாசக் குறைச்சலான்னு ஆயா கேட்டாங்க. "கதவைப் பூட்டிட்டுத்தானே ஜெபம் பண்ணித் தூங்குறே, ஆயா?"ன்னேன். அதுக்குப் பதில் சொல்லலை. மறுநாள் பத்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கச் சொன்னாங்க. எழுதிக் கொடுக்கலை. தன்னோட டிரங்கு பெட்டியில வெச்சுப் பூட்டிக்கிட்டாங்க.

மூணு நிபந்தனை

கடைசியா என்ன ஆச்சு? என் ஆசைப்படி சென்னையில என் ஃபிளாட்டுக்கு வரலை. என் பக்கம் இருந்த தப்பும் அப்போதான் தெரிஞ்சுது. "பாதுகாப்பு, பாதுகாப்பு"ன்னு சொல்லி அவங்க வீடு, சபை, பக்கத்து வீட்டு அக்கா, கொளவாய் ஏரிக் காத்து எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்கப் பார்த்தேன். ஐடாவும் ஏமியும் விட்டுக்கொடுத்தாங்கன்னு ஆயாவுக்குப் பாடம் எடுத்த நான், என் பங்குக்கு எதையும் விடலை.

பேசினோம். ஆயா மூணு நிபந்தனை போட்டாங்க. ஞாயித்துக்கிழமை அவங்க சபைக்குத்தான் போவாங்க. தையல் கூலி அவங்க கணக்குலதான் போகணும். ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கதவைத் தட்டணும். என் பக்கம் மூணு. பாத்ரூம்ல கைப்பிடி. கழுத்துல கயிறு கட்டின ஃபோன். விழுந்தா கத்தணும், எந்த நேரமா இருந்தாலும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி. சனி, ஞாயிறு நான் வருவேன்.

தையல் மெஷினை இனி மிதிக்க முடியாது. மோட்டார் மாட்டினோம். முதல் நாள் அது ஓடின வேகத்துல பயந்து கையை எடுத்துட்டாங்க. இப்போ தெருப் பிள்ளைங்க ரெண்டு பேருக்குத் தைக்கக் கத்துக் கொடுக்குறாங்க. ஊசியில நூல் கோர்க்கிறது அந்தப் பிள்ளைங்க வேலை.

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. சில ராத்திரி ஃபோன்ல அழறாங்க. சாவு பத்திப் பயமா இருக்குன்னு போன வாரம் முதல் தடவையா சொன்னாங்க. இவ்வளவு ஜெபம் பண்ற ஆளுக்கே பயமான்னு முன்னாடி நினைச்சிருப்பேன். இப்போ, அதைச் சொல்ற அளவுக்கு என்னை நம்புறாங்களேன்னு இருக்கு.

இதோ, கார் கதவைத் திறக்கச் சொல்றாங்க. மணல்ல வாக்கர் நிக்காது, பதியும்னு சொன்னேன்.

"வாக்கர் எதுக்கு? நீ கையைக் கொடு."

மக்களே, கேட்டீங்கல்ல? 78 வயசுல எங்க ஆயா முதல் தடவையா கேட்டு வாங்குற உதவி இது. எனக்கு இப்போ கை காலியா இல்லை, ரெக்கார்டிங்கை நிறுத்தப் போறேன். நீங்களும் இன்னைக்கு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க. "சாப்பிட்டியா"வோட நிறுத்தாம, "உனக்கு என்ன பயமா இருக்கு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. பதில் வர நேரமாகும், காத்திருங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.